பத்துத் தடவை நுரைக்கும்

பாண்டீஸ்வரனுக்கு ஒரு கொள்கை உண்டு. ஏமாற்றுவதென்றால் நல்லவர்களாகப் பார்த்துத்தான் ஏமாற்றவேண்டும். கெட்டவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

அந்தக் கணக்கில் பார்த்தால் புதுவயல் அடைக்கலமேரி தங்கமான மனுஷி. ரைஸ்மில்லுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு, காரைக்குடி கல்யாண மண்டபங்களுக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் தயாரித்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன தம்பி, பழுப்பாக் கடுகாட்டம்?" என்றாள், அவன் நீட்டிய பாட்டிலைப் பார்த்து.

"என்சைம்க்கா. சும்மா கரைச்சு ஊத்தினா ஒரு தடவையோட போயிரும். அதனால இந்த மணியில ஒட்டவச்சிருக்காக. சீனியையும் தேங்காயெண்ணெயையும் சேர்த்து நுரைக்கிற சரக்கா மாத்திரும். வேலை முடிஞ்சதும் வடிகட்டி மறுபடி போடலாம். பத்துத் தடவைக்குக் குறையாது. கிலோ மூணு லட்சம்."

சொன்னதெல்லாம் சத்தியமான உண்மை. என்ன, அந்த மணிகள் வேறெங்கோ இருந்தன. இவன் பாட்டிலில் இருந்தது பழைய தண்ணீர் பில்டரைப் பிரித்து அள்ளிய குருணை.

அன்றைக்கே செய்து காட்டினான். இருபது லிட்டர் டிரம்மில் சீனி, எண்ணெய், வெந்நீர், மேலே மணிகள். அக்கா டீ போட உள்ளே போன நேரம் பார்த்து, பைக்குள் ஒளித்து வைத்திருந்த கேனைக் கவிழ்த்தான். மதுரையில் வாங்கிய ஒன்றாம் நம்பர் நுரைச் சரக்கு. கலக்கியதும் பொங்கி வழிந்தது.

அடைக்கலமேரி நுரையை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லாத்தேன் இருக்கு. பத்துத் தடவைன்னு சொன்னீகள்ல? பத்தும் பாத்துட்டு மொத்தமாக் குடுத்துர்றேன்."

பாண்டீஸ்வரன் இன்னும் ஒன்பது கேன் வாங்கும் செலவை மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். இருந்தாலும் மூன்று லட்சம் சும்மாவா?

தினமும் வந்தான். தினமும் ஒரு கேன். மூன்றாம் நாள் கைக்காசு தீர்ந்தது. ஐந்தாம் நாள் பைக் அடகுக்குப் போனது. அதற்கப்புறம் கேனைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் நின்றபடி வந்தான்.

"நீங்க வாரதுக்குள்ள எல்லாம் போட்டுச் சூடு பண்ணி வச்சிட்டேன் தம்பி. மணியை மட்டும் போடுங்க, டீ கொண்டாரேன்" என்று அக்காவும் தவறாமல் உள்ளே போய்விடுவாள். ஆவி முகத்தில் அடிக்க, இவன் அவசரமாகக் கேனை ஊற்றி மூடிவிடுவான். இப்படியும் ஒரு வெள்ளந்தியா என்று அவனுக்கே பாவமாக இருந்தது.

பத்தாம் நாளும் நுரை பொங்கியது. பாண்டீஸ்வரன் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பணம் வந்ததும் பைக்கை மீட்கவேண்டும். அப்புறம் இந்த ஜில்லாப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது.

வாசலில் மினி லாரியில் லிக்விட் கேன்கள் ஏறிக்கொண்டிருந்தன.

"ஆவணி முகூர்த்த ஆர்டர், நூத்தியெண்பது லிட்டர். ஒங்க புண்ணியத்துல முடிஞ்சிருச்சு" என்றபடி அடைக்கலமேரி டீயை நீட்டினாள். கூடவே, வடிகட்டிக் கழுவிய மணி பாட்டிலையும்.

"என்னக்கா, திருப்பித் தாரீக?"

"இது எனக்கு எதுக்கு தம்பி? மொத நாள் நுரையிலயே சீனி அப்படியே இனிச்சுச்சு. டீ ஆறுது, குடிங்க."

அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லி முடித்தாள்.

"ரெண்டாம் நாள்லேருந்து டிரம்முல நான் வெறும் வெந்நீர்தான் வச்சிருந்தேன்."