நாலு வரி ஸ்கிரிப்ட்

"அந்த ஆமையை எதுக்கு சார் இன்னும் வச்சிருக்கீங்க?"

எக்ஸ்ரே நிலையத்தின் மேனேஜர் அறைக்குள் வந்ததும் வராததுமாகக் கேட்டார் கம்ப்யூட்டர்காரர்.

ஆமை என்பது, ஃபைல்களுக்குப் பெயர் மாற்றும் பெண்ணுக்கு அவர் சூட்டிய பட்டம். படம் எடுக்கும் மெஷின் ஒவ்வொன்றுக்கும் வெறும் நம்பர்தான் போடும். அதை எடுத்துவிட்டு நோயாளியின் பெயரையும் தேதியையும் போட வேண்டும். பழைய படங்கள் ஒன்பதாயிரத்துச் சொச்சம் தேங்கிக் கிடந்ததால், அந்த வேலைக்கென்றே அவளைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள்.

"ஒவ்வொரு படத்தையும் திறந்து, சினிமா பாக்குற மாதிரி பாத்துட்டுத்தான் பேர் அடிக்குது சார். ஒரு நாளைக்கு நூறு தாண்டல. டாக்டருக்கா படிக்குது?"

மேனேஜர் சிரித்துவிட்டார். "நீங்க செஞ்சா எத்தனை நாள் ஆகும்?"

"நாளா? நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டா, ஃபைலுக்குள்ள இருக்கிற பேரையும் தேதியையும் கம்ப்யூட்டரே எடுத்து வரிசையா மாத்திடும். நீங்க டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"அது எதுக்கு சார் இனிமே? சனிக்கிழமையோட அனுப்பிடுங்க."

புதன்கிழமையே அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர்காரர் அவளையே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். பத்துப் படங்களை வைத்து முன்னாடியே சோதித்திருந்தார். பத்தும் சரியாக வந்துவிட்டதால் ஆளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"சார், ஒரே ஆள் ஒரே நாள்ல ரெண்டு படம் எடுத்திருந்தா என்ன பேர் வரும்?" என்று கேட்டாள் அவள்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்மா. ஆமைக்கு எதுக்கு ஓட்டப்பந்தயத்து விவகாரம்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ஒரு பொத்தானைத் தட்டினார். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, எல்லாம் முடிந்தது.

சாயந்திரம் தண்ணீர் பாட்டிலையும் சார்ஜரையும் பையில் போட்டுக்கொண்டு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். அவரிடமும்தான். அவர் போனில் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பு டாக்டர் கம்ப்யூட்டர்காரரைப் போனில் கூப்பிட்டார்.

"பதினொரு மணிக்கு ஆபரேஷன் வச்சிருக்கேன். அந்த அம்மாவுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு முழங்காலும் எடுத்தீங்களே, எனக்கு வலது கால் மட்டும்தான் வந்திருக்கு. இடது கால் எங்க? பழசைப் பாத்தாதான் எலும்பு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு தெரியும்."

"பத்தே நிமிஷம் டாக்டர், அனுப்பிடறேன்."

தேடினார். இல்லை. மறுபடி தேடினார். அப்புறம்தான் மொத்தத்தை எண்ணிப் பார்க்கத் தோன்றியது. சனிக்கிழமை மதியம் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு இருந்த இடத்தில், இப்போது எட்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தைந்து.

எழுநூற்று ஐம்பத்தேழு படங்கள் போயே போய்விட்டன.

அவருக்குப் புரிந்துவிட்டது. இடது காலுக்கும் அதே பெயர், அதே தேதி. வலது காலுக்கும் அதே பெயர், அதே தேதி. ஒரே நாற்காலிக்கு ரெண்டு பேர் வந்தால் என்ன செய்வதென்று ஸ்கிரிப்டுக்கு அவர் சொல்லித்தரவே இல்லை. பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. மெஷினிலும் ஒரு மாதத்துக்கு மேல் எதுவும் தங்காது.

அவள் கேட்டது இதைத்தானே! வெட்கம் பிடுங்கித் தின்றது. படத்தைத் திறந்து பார்த்தால்தானே இடதா வலதா என்று தெரியும், அதற்குத்தானே பார்த்தாள். அந்த வேலையைச் செய்தவளை ஊரே சிரிக்கும்படி கேலி செய்து அனுப்பியாயிற்று.

நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று மேனேஜர் அறைக்குப் போனார்.

"வாங்க வாங்க!" மேனேஜர் எழுந்தே வந்துவிட்டார். "டாக்டர் அவசரம் தாங்காம என்னையும் கூப்பிட்டார். நானே இடது கால் படத்தை அனுப்பிட்டேன்!"

"எப்படி சார்?"

"எப்படின்னு என்னையே கேக்கறீங்களா? தன்னடக்கத்துக்கும் ஒரு அளவு வேணும்!"

மேஜையில் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க். அதோடு, அந்தப் பெண் போகும்போது எழுதிக் கொடுத்துவிட்டுப் போன ஒப்படைப்புத் தாள். கம்ப்யூட்டர்காரர் எடுத்துப் படித்தார்.

'பெயர் மாற்றுவதற்கு முன்பே எல்லாப் படங்களையும் பழைய நம்பரோடு இதில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் படம் எடுத்தவர்களின் பட்டியல், பட நம்பரோடு, பின்பக்கத்தில். நகல் எடுத்து வைக்கச் சொன்னவர்: கம்ப்யூட்டர் சார்.'

ரெண்டு தடவை படித்தார்.

"என்ன ஒரு முன்யோசனை!" மேனேஜர் அவர் தோளில் தட்டினார். "இந்தப் பட்டியல்ல இருக்கிற எழுநூறு பேரோட படத்தையும் காப்பாத்திட்டீங்க. உங்களைப் பத்தி தலைமை ஆபீசுக்கு எழுதப் போறேன்."

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை. கதவுவரைக்கும் போகவும் போனார்.

அப்புறம் திரும்பி வந்தார்.

"எழுதுங்க சார். ஆனா நகல் எடுத்து வைக்கச் சொன்னது நான் இல்ல. அவங்களை அனுப்பிடச் சொன்னதுதான் நான்."