மிட்டாய்க் கடைப் பாதை

மிட்டாய்க் கடைச் சுவரோரம் இரண்டு எறும்புப் புற்றுகள் இருந்தன. கடை வெல்லத்துக்குப் போகும் ஒரே பாதையை இரண்டும் சேர்ந்து அகலமாக்கின. கிழக்குப் புற்றின் முத்தாலு அதன் அகலத்தை நடந்து அளந்தாள். அவள் வயிறு எரிந்தது.

"உங்க பக்கம் நாற்பத்தோரு காலடி, எங்க பக்கம் நாற்பதா? நல்லா இருக்கு மதினி நியாயம்!"

"அப்ப நீயும் தோண்டிக்கோயேன்டி!" என்றாள் மேற்குப் புற்றின் சடைச்சி.

முத்தாலு இரண்டு காலடி தோண்டினாள். சடைச்சி பொறுக்காமல் மூன்று தோண்டினாள். இப்படியே போய், பாதை கடைக்காரர் கண்ணில் பட்டுவிட்டது. அவர் குறுக்கே எறும்புச் சாக்பீஸால் கோடு இழுத்தார். இனி யாருக்கும் வெல்லம் இல்லை.

முத்தாலு கோட்டோரமாக நடந்து எண்ணினாள்.

"பாத்தியா மதினி! கோடும் உங்க பக்கம்தான் ரெண்டு காலடி அதிகம்!"