தோண்டிப் பார்க்கலாமா?

"பிளாஸ்டிக் குழாய்க்காரரும் இப்படித்தான் கதை அளந்துட்டுப் போனார்" என்று சிரித்தார் நகராட்சிப் பொறியாளர்.

கான்கிரீட் குழாய் கம்பெனியின் விற்பனைப் பொறியாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். இந்தச் சாக்கடை ஆர்டரும் கைநழுவினால் வேலை போய்விடும்.

"சார், சந்தைத் தெருவுக்கு அடியில நாற்பது வருஷமா எங்க குழாய்தான் கிடக்கு. தோண்டிப் பாருங்க. ஒரு விரிசல் இருந்தாலும் மீசையை எடுத்துடறேன்!"

மறுநாளே நகராட்சி ஆட்கள் தோண்டினார்கள். நகராட்சிப் பொறியாளர் பள்ளத்தில் இறங்கி, குழாயைச் சுத்தியலால் தட்டினார். கணீரென்றது. விரிசலே இல்லை.

"ஜெயிச்சிட்டீங்க சார்! பிளாஸ்டிக்காரரை வரவே வேண்டாம்னு சொல்லிடறேன்" என்று கைகுலுக்கினார்.

"அப்போ ஆர்டர் எங்களுக்குத்தானே சார்?"

"ஆர்டரா? இந்தக் குழாய் நொறுங்கிப் போயிருக்கும்னு நினைச்சுத்தானே மாத்தறதா இருந்தோம்! ஏம்பா, பள்ளத்தை மூடுங்க!"