நுரைக்கல் கூடின கலவை

"கல்லை இவ்வளவா போடுவே?" என்றார் செய்ஜி.

அவர் பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து மனைவி தொகிகோ எதைச் செய்தாலும் குற்றம்தான். இன்று அவர் கண்ணில் பட்டது, அவளுடைய அப்பா தந்த பழைய ஜூனிப்பர் போன்சாய்க் குட்டிமரத்துக்குத் தொட்டி மாற்ற அவள் கலந்துகொண்டிருந்த மண்.

தொகிகோ இன்னொரு கை நுரைக்கல்லை அள்ளிப் போட்டாள்.

"நம்ம ஒகயாமா வெயிலுக்கு ஊத்துற தண்ணியெல்லாம் ஓடிரும். மரம் காஞ்சு சாகும். சொன்னா கேக்குறியா?"

"நாப்பது வருஷமா கேட்டாச்சு."

"திமிரு. இந்தக் கலவை, எப்பப் பாத்தாலும் மழை கொட்டுற உங்கப்பன் ஊர் கனசவாவுக்குத்தான் சரிப்படும்."

தொகிகோ கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அங்கதான் போறோம். ஒரே ஒரு டிக்கெட் எடுத்தாச்சு. மரம் என் மடியில வரும்."