லோர்னாவின் இருக்கை

“பொண்டாட்டி பேர்ல ரெட்டை ஆட்டம் ஆடுறியாடா?”

டுவேன் சீட்டைக் கலைத்தபடியே கேட்டார். சனிக்கிழமை மத்தியானம், அவருடைய கார் ஷெட். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நண்பர்கள் எல்லோரும் வாலஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இல்ல” என்றார் வாலஸ்.

“போன ஞாயித்துக்கிழமை ஆன்லைன் போட்டியில லோர்னா பேரு இருந்துச்சே? என் கண்ணால பாத்தேன்.”

“நான்தான் சேத்து விடுறேன். டேப்லட்டை அவ முன்னாடி வெச்சுட்டு, சமையல்கட்டுல உக்காந்து என் ஆட்டத்தை நான் ஆடுவேன். அவ தொடமாட்டா. ஒவ்வொரு சுத்துக்கும் கட்டாயப் பந்தயம் போய், அவ பங்கு சில்லு தானா கரைஞ்சு தீந்துடும். அவ்வளவுதான்.”

“எங்கப்பா கரைஞ்சுது? நான் தோத்து வெளியே வந்தப்பக்கூட அவ உள்ளதான் இருந்தா!”

“நீ ஆடற லட்சணத்துக்குக் காலி நாற்காலிகூட உன்னைத் தாண்டிப் போகும்” என்றார் எதிரில் இருந்தவர். ஷெட்டே அதிரச் சிரித்தார்கள். டுவேனும் சிரித்துவிட்டு, சீட்டைப் போட ஆரம்பித்தார்.

வாலஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுற்றில் நடுவில் குவிந்த பந்தயச் சில்லு முழுவதும் அவர் பக்கம் வந்தது. முன்பெல்லாம் இப்படி ஒரு கை ஜெயித்தால் வீடு போகும்வரை லோர்னாவிடம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வண்டி ஓட்டுவார். இன்றைக்கு அடுக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் குவியலாகவே விட்டுவிட்டார்.

வசந்தத்தில் லோர்னாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் நின்றுபோனது. நாம் சொல்வது அவளுக்குப் புரிகிறதா என்று கேட்டதற்கு, “சொல்ல முடியாது” என்றார் டாக்டர்.

பழகின எதையும் நிறுத்தாதீர்கள் என்று மட்டும், பயிற்சி கொடுக்க வந்த பெண் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் போக்கர்தான். ரீனோவில் ஒரு சூதாட்ட விடுதியின் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பழகித்தான் அவர்களுக்குக் கல்யாணமே நடந்தது.

அதனால் வாரா வாரம் அவளையும் போட்டியில் சேர்த்துவிட்டார். ஆரம்பத்தில் அடிக்கொரு தரம் எட்டிப் பார்த்தார். கோடை முடிவதற்குள் அதையும் விட்டுவிட்டார். தன் ஆட்டம் முடிந்ததும் எழுந்து துணி துவைக்கப் போய்விடுவார்.

ஆட்டம் கலைந்ததும் டுவேன் கார் வரைக்கும் கூடவே வந்தார்.

“திங்கக்கிழமைதானே அவளை ஹோமுக்குக் கூட்டிட்டுப் போறாங்க?”

“ம். காலையில வண்டி வருது.”

“அவகிட்ட சொல்லிட்டியா?”

“ரெண்டு வாரம்தான்னு சொல்லியிருக்கேன்.”

டுவேன் தரையைப் பார்த்தார். அந்தப் பராமரிப்பு இல்லத்துக்குப் போனவர்கள் யாரும் வீடு திரும்புவதில்லை. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

“உன்னாலயும் எவ்வளவுதான் தூக்கிக் குளிப்பாட்ட முடியும், விடு” என்றார் டுவேன். வாலஸ் வண்டியைக் கிளப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாலைவனக் காற்று ஜன்னலைத் தடதடவென்று ஆட்டியது. லோர்னாவின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கதவோரம் வைத்தார் வாலஸ். பிறகு சக்கர நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளி, பலகையில் டேப்லட்டை நிறுத்தி, அவளுடைய இடது கையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டே வாரம்தாம்மா. நல்லா உடம்பைத் தேத்திக்கிட்டு வந்துடுவே.”

அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமையலறையில் போய் உட்கார்ந்து தன் ஆட்டத்தைத் திறந்தார். அன்றைக்கென்று நல்ல சீட்டாக வந்தது. ஒருத்தர் பின் ஒருத்தராக வெளியேற, மேசைகளும் குறைந்துகொண்டே வந்தன. சந்தோஷமும் இல்லை, பதற்றமும் இல்லை. யாருக்கோ பதிலாக உட்கார்ந்து ஆடுவதுபோல் இருந்தது.

மிச்சம் இருந்தவர்களை ஒரே மேசையில் சேர்த்தபோது, எதிர் இருக்கையில் லோர்னாவின் பெயர் தெரிந்தது. ‘இன்னும் தீரலியா?’ என்று நினைத்தார். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அடுத்த சுற்றில் அவருக்கு வந்தது ஒரு இரண்டும் ஒரு ஏழும். போக்கரில் இதைவிடச் சப்பையான கை கிடையாது. எப்படியாவது முடிந்தால் சரி என்று, உயர்ந்த சீட்டு வைத்திருப்பவர் மாதிரி, இருந்த சில்லு மொத்தத்தையும் நடுவில் தள்ளினார்.

வெறும் கையோடு அவர் புளுகுகிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் பயந்து சீட்டை மடக்கி விலகிவிட்டார்கள். பாக்கி லோர்னாவின் இருக்கை மட்டும்தான்.

ஆள் ஆடாத இருக்கை என்றால், கண்மூடித் திறப்பதற்குள் கணினியே சீட்டை மடக்கிவிடும். இப்போது மடக்கவில்லை. யோசிக்கும் நேரத்தைக் காட்டும் பச்சைக் கோடு அவள் பெயருக்குக் கீழே குறையத் தொடங்கியது. பாதியானது. சிவப்பானது.

‘மெஷின் மாட்டிக்கிச்சு போல’ என்று வாலஸ் நினைத்த நொடியில் அவள் இருக்கை பந்தயத்தை ஏற்றது; சீட்டுகள் திரும்பின. அவள் கையில் ஒரு ஜோடி ஒன்பது. நடுவில் விழுந்த சீட்டுகள் எதுவும் அவருக்கு உதவவில்லை. அவருடைய சில்லெல்லாம் எதிர்ப்பக்கம் நகர்ந்து, அங்கே ஏற்கனவே இருந்த பெரிய குவியலோடு சேர்ந்தது.

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கூடத்து வாசலில் வந்து நின்றார்.

லோர்னாவின் இடது ஆள்காட்டி விரல் திரையின் மேல் இருந்தது. பார்வை ஜன்னலில் இல்லை. கதவோரத்துப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து மெல்ல அவர் முகத்துக்கு வந்து நின்றது.

கோணிய வாய் திறந்து மூடியது. மறுபடியும் திறந்தது.

“பு... புளுகுறே, வாலஸ்.”