எதிர்வீட்டுக்காரரின் பசி

எதிர்வீட்டு தேவசகாயத்தின் வயிற்றுக் கட்டியை எடுக்கவே முடியாதென்று நான்கு டாக்டர்கள் கைவிரித்தார்கள். ஐந்தாமவர் ஈரலையும் குடலையும் வெளியே எடுத்துவைத்துக்கொண்டு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கட்டியை நீக்கிவிட்டுத் திரும்பப் பொருத்துவாராம்.

காலி வயிற்றோடு மனிதர் பால்கனியில் பேப்பர் படித்தார். வாசனைக்கு ஏங்கிவிடுவார் என்று அவர் மனைவி ரோஸ்லின் என் அடுப்பில்தான் சமைத்தாள். பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீணாக்கக் கூடாதே என்று நானே சாப்பிட்டேன்.

எல்லாம் பொருத்தி அவர் திரும்பிவந்த மறுநாள், அவர்கள் கதவோரம் நின்றேன், சும்மாதான்.

"ரோஸி, பசிக்குதுடி!"

"என்னங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"பசிக்குதுன்னு சொல்றேன்ல, காது கேக்கலையா?"

"ஸ்தோத்திரம்! இன்னும் ஒரே தடவை."

அவர் கத்த, அவள் அழுதுகொண்டே சிரிக்க, கடைசியில் நான்தான் உள்ளே போய் அவருக்குக் கஞ்சி ஊற்றினேன்.