நாலு கை மெஷின்

மரம் தேய்க்கிற என் உப்புத்தாள் மெஷினை வடிவமைத்தவனுக்குக் கட்டாயம் நான்கு கைகள் இருந்திருக்கும். உள்ளே மோட்டாரை உரசும் கார்பன் கட்டைகள் தேய்ந்தால் மாற்றிவிடலாம். ஆனால் மூடியைப் போட்டுத் திருகும்வரை, இரண்டு பக்கத் துளைகளிலும் கம்பியை விட்டு, கார்பனைத் தள்ளும் ஸ்பிரிங்குகளை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் பீரோவுக்கு அடியில் போய்த் தேட வேண்டியதுதான். பிடிப்பது நான், மூடுவது என் மனைவி வேதவல்லி.

"நடுங்காம பிடிங்க. தாலி கட்டுறப்பவும் இந்தக் கை இப்படித்தான் ஆடுச்சு" என்பாள். கடைசித் திருகு இறங்கியதும், "ம், இப்ப விடுங்க" என்பாள். அதுவரை நான் மூச்சுகூட விடமாட்டேன்.

நாளை அவளுடைய பதினாறாம் நாள் காரியம். அவள் படத்துக்குக் கடையிலேயே சட்டம் கிடைக்கும். நானேதான் தேக்கில் செய்வேன் என்று வீம்பு பிடித்தேன். நான் செய்த ஸ்டூல் ஒன்றுகூட ஆடாமல் நின்றதில்லை என்பது வேறு விஷயம். பாதி தேய்த்ததும் மெஷின் நின்றுபோனது. கார்பனை மாற்றித் தனியாக மூடிப் பார்த்தேன். ஸ்பிரிங் பறந்தது. தேடி எடுத்து வந்தேன். மறுபடியும் பறந்தது. நான் திட்டிய சத்தத்தில் பக்கத்து வீட்டு செலஸ்டின் ஓடி வந்தான்.

"நீங்க பிடிங்கண்ணே, நான் மூடுறேன்."

ஒரே தடவையில் மூடித் திருகிவிட்டான். சண்டையே வரவில்லை.

"முடிஞ்சுதுண்ணே. கம்பிய எடுங்க."

தலையாட்டினேன்.

"அண்ணே, மூடியாச்சு. விடுங்க."

அவன் சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது. விரல்கள் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தன, கொஞ்சமும் நடுங்காமல்.